பெண்கள் அணியில் யாருக்கு இடம்?



நம் பங்குகளில் பல குடும்பங்களின் பிள்ளைகள் அமெரிக்காவில் படிக்கிறார்கள். அந்நாட்டுக் கல்லூரிகளின் பெண்கள் விளையாட்டு அணிகளில் திருநங்கையர் சேரலாமா என்ற விவாதம் அவர்கள் வழியாக நம் காதுக்கும் வருகிறது. கேட்டவுடன் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளத் தோன்றுகிறது. அதற்கு முன், நடந்தது என்ன என்று சற்றுப் பொறுமையாகப் பார்ப்போமா?

இதன் வேர் 1972ஆம் ஆண்டில் இருக்கிறது. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று அவ்வாண்டு அங்கே நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. 'டைட்டில் நைன்' என்று அதை அழைக்கிறார்கள். அப்போது கல்லூரி அளவில் விளையாடிய பெண்கள் ஏறத்தாழ 30 ஆயிரம் பேர்தான். இன்று 2 லட்சத்துக்கும் மேல். பெண்களுக்கென்று தனி அணியும் தனிப் பந்தயமும் ஏற்பட்டதால்தான் இந்த வளர்ச்சி.

தனிப் பந்தயம் ஏன் வேண்டும்? பருவ வயதில் ஆண் உடலில் பெருகும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உயரத்தையும் தசை வலிமையையும் கூட்டுகிறது. முன்னணி வீரர்களிடையே ஓட்டத்திலும் நீச்சலிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் 10 விழுக்காடு அளவுக்கு வேக வேறுபாடு உண்டு. எல்லாரையும் ஒன்றாக ஓடவிட்டால் இறுதிச் சுற்றில் பெண்ணுக்கு இடமே இராது.

இந்த நியாயத்தை முன்வைத்து 2020 மார்ச்சில் ஐடஹோ மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. பெண்கள் அணியில் பிறப்பால் பெண்ணாக இருப்பவர்தான் விளையாடலாம் என்பது அதன் சாரம். இன்று 25க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் உள்ளன. டெக்சாஸ் 2021இல் பள்ளிகளுக்கும் 2023இல் கல்லூரிகளுக்கும் தனித்தனியே சட்டம் செய்தது. இதற்கிடையே 2022 மார்ச்சில், கல்லூரிகளுக்கான தேசிய நீச்சல் போட்டியில் லியா தாமஸ் என்ற திருநங்கை 500 கெஜப் பந்தயத்தில் முதலிடம் பெற்றபோது விவாதம் இன்னும் சூடுபிடித்தது. அதே போட்டியில் வேறு இரண்டு பந்தயங்களில் அவருக்குக் கிடைத்தவை ஐந்தாம், எட்டாம் இடங்கள். 2025 பிப்ரவரியில் அந்நாட்டின் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வும் தன் விதியை மாற்றி, பெண்கள் போட்டிகளைப் பிறப்பால் பெண்ணாக இருப்பவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது.

எத்தனை பேரைப் பற்றிய விவாதம் இது? 5 லட்சத்து 10 ஆயிரம் கல்லூரி விளையாட்டு வீரர்களில், தமக்குத் தெரிந்தவரை திருநங்கையரும் திருநம்பியரும் பத்துப் பேருக்கும் குறைவு என்று அச்சங்கத்தின் தலைவர் சார்லி பேக்கர் 2024 டிசம்பரில் செனட் சபையில் சொன்னார். ஐடஹோ சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்த மாணவி லிண்ட்சே ஹெக்காக்ஸ், பல்கலைக்கழகப் பெண்கள் ஓட்ட அணிக்கான தேர்வில் வேகம் போதாமல் இடம் பெறவில்லை. அவருடைய வழக்கையும் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த மற்றொரு வழக்கையும் உச்ச நீதிமன்றம் 2026 ஜனவரி 13 அன்று விசாரித்தது.

பெண்களுக்கு நியாயமான போட்டி வேண்டும் என்பது நேர்மையான கோரிக்கைதான். பல ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்த மகளின் உழைப்பைச் சிறிதாக எண்ண முடியாது. ஆனால் சட்டத்தை நடைமுறைப்படுத்தும்போது வேறொரு கேள்வி எழுகிறது. யார் பெண் என்பதை எப்படிச் சோதிப்பது?

ஒரு மாணவியின் பாலினம் பற்றி ஐயம் எழுப்பப்பட்டால் உடலுறுப்பு, ஹார்மோன் அளவு, மரபணு ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும் என்றது ஐடஹோ சட்டம். ஆண்கள் அணிக்கு இப்படி ஒரு சோதனை இல்லை. 2022இல் யூட்டா மாநிலத்தில், பள்ளிப் போட்டியில் வென்ற ஒரு சிறுமிமேல் தோற்றவர்களின் பெற்றோர் ஐயம் எழுப்பினார்கள். மழலையர் வகுப்புவரை அவளுடைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அவள் பெண்தான்!

இந்த வேதனையை நம் மண்ணும் அறியும். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள் சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் திருநங்கை அல்லர். பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர். விதி சரியா தவறா என்பதைவிட, அந்தரங்கமாக இருக்க வேண்டியதை ஊரறியப் பேசியதுதான் அவரை நொறுக்கியது.

ஆண், பெண் என்னும் வேறுபாடு இறைவன் தந்த கொடை என்கிறது 2024இல் வத்திக்கான் வெளியிட்ட மனித மாண்பு பற்றிய ஏடு. எந்தச் சூழலிலும் மனிதருடைய மாண்பு குறைவதில்லை என்றும் அதே ஏடு சொல்கிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட நமக்கு உரிமையில்லை. போட்டிக்கு எல்லை வகுப்பது சட்டத்தின் வேலை. அந்த எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுபவரைக் கேலி செய்யவோ, உள்ளே நிற்கும் பெண்களை ஐயத்தோடு உற்றுப் பார்க்கவோ எந்தச் சட்டமும் நமக்கு அனுமதி தரவில்லை.

நம் பங்கு விழாப் போட்டிகளிலும் வேகமாக ஓடும் சிறுமியைப் பார்த்து 'இவள் பெண்தானா?' என்று யாராவது சிரிக்கலாம். அந்த இடத்தில் நாம் என்ன செய்கிறோம்? ஆலயப் படியில் கைநீட்டி நிற்கும் திருநங்கையை என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? கூட்டத்தின் நடுவில் நிறுத்தப்பட்ட பெண்ணைக் கல்லெறியாமல் காத்தவர் நம் ஆண்டவர். கையிலிருக்கும் கல்லை நாமும் கீழே போடுவோம்.