பரங்கிமலைப் படிகள்

கொடுங்கையூர்ச் சிறுவனிடம் மலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், அவன் குப்பைமேட்டைத்தான் சுட்டிக்காட்டுவான். அவன்மீது குற்றமில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை வடசென்னை முழுவதும் சமதளம். இங்கே உயர்ந்து தெரிபவை புகைபோக்கிகளும், துறைமுகத்துக் கிரேன்களும், பல்லாண்டுகளாய்க் குவிந்த அந்தக் குப்பையுமே! அதையும் தரம்பிரித்து அகற்றும் பணி இப்போதுதான் நடந்து வருகிறது.

ஆனால் இதே நகரின் தெற்கே அசல் மலை உண்டு. கால்நடையாய் ஏறக் கற்படிகளும் உண்டு. கடற்கரை நிலையத்தில் தாம்பரம் ரயிலேறிப் பரங்கிமலையில் இறங்கி, அங்கிருந்து நடந்தே அடிவாரத்தை அடையலாம்.

மலையின் உயரம் ஏறத்தாழ 300 அடி. உச்சியில் போர்த்துக்கீசியர் எழுப்பிய தேவாலயம் இருக்கிறது. வாகனம் செல்லத் தனிச்சாலை இருந்தாலும் படிவழியே ஏறுவதில்தான் சுவை. அப்படிகளை 18ஆம் நூற்றாண்டில் தம் சொந்தப் பொருளில் அமைத்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். மலைக்கு வருவோர் அடையாற்றைக் கடக்க அல்லற்பட்டதால், 1726இல் சைதாப்பேட்டையருகே பாலமும் கட்டினார். கட்டியதோடு விட்டுவிடாமல், பராமரிப்புக்கென்று பணமும் ஒதுக்கிவைத்தார். நம் வழக்கில் சொன்னால் வக்ஃபு போன்றதுதான்! பழைய பாலம் இன்றில்லை. அவ்விடத்தில் மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. உஸ்கான் பொறித்த கல்வெட்டில் ஆர்மீனியம், இலத்தீன் ஆகியவற்றோடு, ஆர்க்காட்டு நவாபுகளின் அரசவை மொழியான பாரசீகமும் இடம்பெற்றது. 1751இல் சென்னையிலேயே அவர் காலமானார்.

இஸ்தான்பூலின் கலாட்டா மேட்டிலும் இப்படி ஒரு படிக்கட்டு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் காமோண்டோ என்ற யூத வங்கியாளர் குடும்பம் கட்டுவித்தது அது. ஏழு குன்றுகளின் நகரான அங்கே தெருக்களே படிகளாய் ஏறி இறங்கும். நமக்கு வாய்த்த குன்றுகள் சில. அவற்றிலும் பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளைக் கல்குவாரிகள் தின்றது பெருங்கொடுமை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறையில் பதித்திருப்பது இப்பகுதிக் கல்லே. அதனால்தான் அவ்வகைப் பாறைக்கு 1893இல் 'சார்னகைட்' என்று பெயரிட்டனர்.

உச்சியில் நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதைப் பார்க்கலாம். 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற ஆங்கிலேயர் இந்தியாவையே அளக்கும் பெருநில அளவைக்கு முதல் அடிக்கோட்டை இம்மலையருகே தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை அந்த இடத்திலேயே சொல்லிக் கொடுங்கள். புத்தகத்தில் படிப்பதைவிட நன்றாக மனத்தில் நிற்கும்.

நம் இல்லத்துப் பெண்களுக்கு நடை என்பது பெரும்பாலும் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூட வாசலுக்குமாய் முடிந்துவிடுகிறது. உம்மாவையும் மருமகளையும் ஒருநாள் இங்கே அழைத்து வாருங்கள். அஸர் தொழுதுவிட்டு ஏறினால் மஃரிபுக்குள் இறங்கிவிடலாம். மூத்தவர்கள் இடையிடையே அமர்ந்து இளைப்பாறட்டும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் வலிக்கும். படியோரம் சிலுவைப்பாதைச் சிற்பங்கள் உள்ளன. அங்கே ஜெபிக்கும் கிறித்தவச் சகோதரர்களுக்கு இடையூறின்றி ஒதுங்கி நடக்க வேண்டும்.

இன்னும் தெம்பிருப்போர் வேறொரு நாள் பல்லாவரத்தில் இறங்கலாம். அங்குள்ள குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகை, அவனது பட்டப்பெயர்க் கல்வெட்டுகளோடு, பிற்காலத்தில் தர்காவாகியிருக்கிறது. இந்தியாவின் பழங்கற்கால ஆய்வுக்குத் தொடக்கமான கல்லாயுதத்தை 1863இல் புரூஸ் ஃபூட் கண்டெடுத்ததும் அதே பல்லாவரத்தில்தான்.