"சேர், விபிஎன் ஸ்லோ": வீட்டிலிருந்து வேலை செய்வோர் கோளாறை எங்கே தேடுவது?

கொவிட் முடக்க காலத்தில் தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய வீட்டிலிருந்து வேலை செய்யும் முறை இன்று எமது ஊர்களில் ஒரு நிரந்தரத் தொழிலாகிவிட்டது. கணக்கியல், சம்பளப் பட்டியல் தயாரித்தல், வாடிக்கையாளர் சேவை என்று இங்கிலாந்து, அவுஸ்திரேலிய நிறுவனங்களுக்காக வீட்டு மேசையிலிருந்தே உழைக்கும் இளைஞர், யுவதிகளைக் கிழக்கிலும் காணலாம், புத்தளத்திலும் மாவனல்லையிலும் காணலாம். படித்து முடித்தும் கொழும்புக்குச் சென்று விடுதியில் தங்கி வேலை செய்ய வீட்டார் சம்மதிக்காத பெண்பிள்ளைகளுக்கு இது பெரியதொரு வாசல். அவ்வாறு சம்மதிக்காதது சரியா என்பது வேறொரு கட்டுரைக்குரிய விடயம்.

திறமையான பிள்ளைகளுக்கும் இந்த வாசல் மூடப்படுவதுண்டு. "உங்கள் இணைப்பு நிலையாக இல்லை" என்று நிறுவனத்திலிருந்து வரும் ஒரு வரி மின்னஞ்சல் அதற்குப் போதும். பாடசாலையில் தகவல் தொழினுட்பப் பாடம் எடுப்பவன் என்பதால் பழைய மாணவர்கள் இந்த மின்னஞ்சலுடன் என்னிடம் வருவார்கள். எல்லோரும் சொல்வது ஒரே வசனம்தான்: "சேர், விபிஎன் ஸ்லோ." வைத்தியரிடம் போய் "உடம்புக்குச் சரியில்லை" என்று மட்டும் சொல்வதைப் போன்றது இது. அந்த ஒரு வசனத்துக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று பிரித்தறியாமல் பெரிய பெக்கேஜ் வாங்குவதும் புதிய ரவுட்டர் வாங்குவதும் வீண் செலவு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எமது மக்களுக்கு விபிஎன் என்ற சொல் அறிமுகமானது 2018 மார்ச்சில், திகன வன்முறையின்போது சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்ட நாட்களில். பின்னர் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அதே நிலைமை வந்தது. அப்போது தரவிறக்கிய இலவச விபிஎன் செயலி பலரது போனிலும் மடிக்கணினியிலும் இன்றும் இருக்கிறது. அலுவலக விபிஎன் அதுவல்ல. அது உங்கள் கணினிக்கும் நிறுவனத்தின் சேவருக்கும் இடையே, மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு தனிக் குழாயை அமைக்கிறது. இலவசச் செயலியோ உங்கள் தரவை முகம் தெரியாத யாரோ ஒருவரின் சேவர் வழியாக அனுப்புகிறது. 2016 இல் அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்களும் பங்குபற்றிய ஓர் ஆய்வில் 283 ஆண்ட்ரொய்ட் விபிஎன் செயலிகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் 38 வீதமானவற்றில் தீங்கு மென்பொருளுக்கான அடையாளம் தென்பட்டது. 18 வீதமானவை தரவை மறையாக்கம் செய்யவே இல்லை.

இரண்டும் ஒரே கணினியில் ஓடினால் ஒன்றின் பாதையை மற்றது குழப்பிவிடும். அத்துடன், இலவச விபிஎன் உங்களை நெதர்லாந்தில் இருப்பதாகக் காட்டும்போது, வேறொரு நாட்டிலிருந்து யாரோ நுழைவதாக நினைத்து நிறுவனத்தின் பாதுகாப்பு முறைமை உங்கள் கணக்கையே பூட்டிவிடக்கூடும். ஆகவே வேறெதையும் தொடுவதற்கு முன் வேலை செய்யும் கணினியில் இருந்து அதை அகற்றிவிடுங்கள்.

அடுத்து, விபிஎன்னைத் துண்டித்துவிட்டு இணைய வேகத்தைச் சோதியுங்கள். அப்போதும் மெதுவாக இருந்தால் குற்றவாளி விபிஎன் அல்ல, வீட்டு இணைப்புத்தான். சோதனையைப் பகலில் ஒருமுறை, மஃரிபுக்குப் பின் ஒருமுறை என்று செய்ய வேண்டும். லண்டன் அலுவலகத்தின் காலை 9 மணி எமக்குக் கோடைகாலத்தில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. மாலை 5 மணிக்கு அவர்கள் வீடு செல்லும்போது இங்கு இரவு 9.30 அல்லது 10.30 ஆகிவிடும். அதாவது ஊரே யூடியூபும் கிரிக்கெட்டும் பார்த்து 4ஜி கோபுரத்தை நெருக்கும் நேரம்தான் உங்கள் வேலை நேரத்தின் பிற்பாதி. பகல் 11 மணிக்கு வேகத்தைப் பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை. பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள். பலர் பதிவிறக்க வேகத்தை மட்டுமே பார்க்கிறார்கள், ஆனால் கூட்டங்களில் உங்கள் குரல் உடைவது பெரும்பாலும் பதிவேற்றம் போதாமையால்தான்.

ரவுட்டர் முன் ஹோலில் இருக்க, பிள்ளை இரண்டு கொங்கிரீட் சுவர்களுக்கு அப்பால் பின்னறையில் வேலை செய்வதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சில நூறு ரூபா லேன் கேபிள் ஒன்று அங்கே புதிய பெக்கேஜை விட அதிகம் செய்யும்.

டேட்டா பெக்கேஜ் பற்றி ஒரு வார்த்தை. ஸூம், டீம்ஸ் போன்றவற்றுக்கென்று தனி டேட்டா தரும் பெக்கேஜ்களை நம்பி வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டும். குழாய்க்குள்ளே போவது ஸூமா, டீம்ஸா என்று சேவை வழங்குநருக்குத் தெரியாது. எனவே அது உங்கள் சாதாரண டேட்டாவிலிருந்தே கழியும். மாதத்தின் இரண்டாம் பாதியில் வேகம் திடீரென விழுவதற்கு, ஒதுக்கீடு முடிந்துபோனதே சில வேளை காரணமாக இருக்கும்.

இனி, விபிஎன் இணையவே மறுக்கும் சந்தர்ப்பம். நான் முதலில் பார்ப்பது திரையின் மூலையிலுள்ள திகதியையும் நேரத்தையும்தான். எமது பிள்ளைகளில் பலர் பாவிப்பது பழைய மடிக்கணினி. உள்ளே இருக்கும் சிறிய வட்ட பெட்டரி செத்துப்போயிருந்தால், மின்சாரம் போய் வந்தவுடன் கடிகாரம் பல வருடங்கள் பின்னோக்கிப் போய்விடும். சேவரின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் திகதிக்குச் செல்லுபடியாகாது என்று கருதி விபிஎன் இணைய மறுக்கும். போனில் 30 செக்கனுக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கக் குறியீடும் நேரத்தை வைத்தே கணிக்கப்படுகிறது. போனின் நேரம் ஒன்றிரண்டு நிமிடம் பிசகினாலும் "குறியீடு தவறு" என்றுதான் வரும். நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பை இரண்டிலும் போட்டுவிடுங்கள். கடவுச்சொல் காலாவதியாகியிருப்பது அடுத்த பொதுவான காரணம்.

இவை சரியாக இருந்தும் இணையவில்லை என்றால் போனின் ஹொட்ஸ்பொட்டில் முயன்று பாருங்கள். ஹொட்ஸ்பொட்டில் இணைந்து வீட்டு ரவுட்டரில் இணையாவிட்டால், விபிஎன் பாவிக்கும் வாயில்களை ரவுட்டரோ அந்த வலையமைப்போ தடுக்கிறது என்று பொருள். ஐபிசெக் வகை விபிஎன்னுக்கு யு.டி.பி. 500, 4500 என்ற வாயில்கள் தேவை. இணையப் பக்கங்கள் பாவிக்கும் டி.சி.பி. 443 வழியாகச் செல்லும் விபிஎன் பெரும்பாலும் எங்கும் தடைப்படாது. அந்தத் தெரிவு உண்டா என்று நிறுவனத்தின் ஐ.டி. பிரிவிடம் கேட்கலாம். ஆனால் அது வேகத்தைச் சற்றுக் குறைக்கும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றும் கோளாறு வேறொன்று. என்னிடம் படித்த ஒரு பிள்ளை இங்கிலாந்துக் கணக்கியல் நிறுவனமொன்றில் தகுதிகாண் காலத்தில் இருந்தாள். மூன்றாவது மாதம். "சேர், கனெக்ட் ஆகுது, பச்சை அடையாளமும் வருது, ஆனா பைல் ஒண்டும் தொறக்குதில்ல" என்றாள். மின்னஞ்சல் திறந்தது, டீம்ஸ் வேலை செய்தது, நிறுவனத்தின் கோப்புச் சேவர் மட்டும் எட்டவில்லை. இணைப்பு மோசம் என்று இரண்டு எச்சரிக்கைகள் ஏற்கெனவே வந்திருந்தன. கேட்டுக்கொண்டு போனபோது ஒரு தகவலைச் சொன்னாள்: மாமா வீட்டில் வைத்து வேலை செய்தால் பிரச்சினை இல்லையாம். அங்கே இணைப்பின் வேகம் இவளது வீட்டை விடக் குறைவு.

வேகம் காரணம் இல்லை என்பது அந்த ஒரு தகவலிலேயே தெளிவாகிவிட்டது. அவளது வீட்டு ரவுட்டரின் முகவரி 192.168.1.1. நிறுவனத்தின் கோப்புச் சேவர் இருந்த முகவரி 192.168.1.20. இரண்டும் ஒரே தொடர். ஓர் ஊரிலே ஒரே இலக்கத்தில் இரண்டு வீடுகள் இருந்தால் தபால்காரர் பக்கத்தில் இருப்பதிலேயே கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவார் அல்லவா? கணினியும் அதையே செய்தது. லண்டனில் உள்ள சேவரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. மாமா வீட்டு ரவுட்டர் 192.168.8 என்ற தொடரில் இருந்ததால் அங்கே குழப்பம் வரவில்லை. வீட்டு ரவுட்டரின் முகவரியை 192.168.77.1 என்று மாற்றி, எல்லாக் கருவிகளையும் மீள இணைத்தோம். பத்து நிமிட வேலை. அவள் இன்றும் அதே நிறுவனத்தில் இருக்கிறாள்.

இணைகிறது, சிறிய பக்கங்கள் திறக்கின்றன, ஆனால் பெரிய கோப்பை அனுப்பினாலோ ரிமோட் டெஸ்க்டொப் திறந்தாலோ அப்படியே உறைந்துபோகிறது என்றால் அது இன்னொரு கோளாறு. வலையமைப்பில் ஒரு பொதியின் வழமையான அளவு 1500 பைற். விபிஎன் அதன் மீது தன் உறையையும் சேர்ப்பதால் பொதி பெருத்து, வழியில் எங்கோ கைவிடப்படுகிறது. சிறிய பொதி தப்பும், பெரியது தொலையும். எம்.டி.யு. என்ற அளவை 1400 அல்லது அதற்குச் சற்றுக் கீழே வைத்துப் பார்க்குமாறு ஐ.டி. பிரிவிடம் கேளுங்கள்.

அஸருக்கு எழுந்து போய் வந்தால் இணைப்பு அறுந்திருக்கிறதா? கணினி தூங்கப்போவதை முதலில் நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் அறுந்தால், சத்தமில்லாமல் கிடக்கும் இணைப்பை ரவுட்டரோ தொலைபேசி வலையமைப்போ மறந்துவிடுகிறது. சில செக்கன்களுக்கு ஒருமுறை சிறு சமிக்ஞை அனுப்பும் அமைப்பை ஐ.டி. பிரிவு போட்டுத் தரலாம்.

வீட்டில் எதைச் செய்தும் தீராத ஒன்றும் உண்டு: தூரம். கொழும்புக்கும் லண்டனுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 8,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. போய்வர மட்டும் 87 மில்லிசெக்கன் தேவை. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் 150, 200 மில்லிசெக்கன் சாதாரணம். லண்டன் சேவரிலுள்ள ஒரு எக்செல் கோப்பை நேரடியாகத் திறக்கும்போது இரு கணினிகளும் 200 தடவை கேள்வி பதில் பரிமாறினால், தலா 200 மில்லிசெக்கன் வீதம் 40 செக்கன் போய்விடும். 100 மெகாபிற் பெக்கேஜ் போட்டாலும் அதே 40 செக்கன்தான். கோப்பை இங்கே இழுக்காமல், ரிமோட் டெஸ்க்டொப் மூலம் அங்கிருக்கும் கணினியிலேயே வேலை செய்வதுதான் இதற்கு வழி. திரையின் படம் மட்டும்தான் உங்களிடம் வரும்.

எல்லாப் போக்குவரத்தையும் குழாய்க்குள் தள்ளாமல், டீம்ஸ் போன்றவற்றை நேரே வெளியே விடும் முறையும் இருக்கிறது. கொவிட் தொடங்கிய 2020 மார்ச்சில் மைக்ரோசொஃப்ட் நிறுவனமே தன் சேவைகளுக்கு இதனைப் பரிந்துரைத்தது. இதைத் தீர்மானிப்பது நிறுவனம். கேட்பதில் தவறில்லை.

சில நாட்களில் யாருமே எதுவும் செய்ய முடியாது. 2025 செப்டெம்பரில் ஜித்தாவுக்கு அருகே செங்கடலில், எமது நாட்டையும் தொடும் சீ-மீ-வீ 4 உட்பட கேபிள்கள் சேதமடைந்தபோது ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான போக்குவரத்து சுற்றுவழிகளில் திருப்பப்பட்டது. அத்தகைய நாளில் அந்தச் செய்தியின் இணைப்பை மேலாளருக்கு அனுப்பிவிடுங்கள். சொல்லாவிட்டால் அந்தத் தாமதமும் உங்கள் பெயரில்தான் எழுதப்படும்.

ஐ.டி. பிரிவுக்கு எழுதும்போது "ஸ்லோ" என்ற சொல்லைத் தவிருங்கள். எத்தனை மணிக்கு, இலங்கை நேரமா லண்டன் நேரமா, விபிஎன் இல்லாமல் வேகம் எவ்வளவு, இருக்கும்போது எவ்வளவு, ஹொட்ஸ்பொட்டில் முயன்றபோது என்ன நடந்தது, எது திறந்தது, எது திறக்கவில்லை, திரையில் வந்த பிழைச் செய்தி சொல்லுக்குச் சொல் என்ன என்று எழுதுங்கள். ஒரு வாரக் குறிப்பை இப்படி அனுப்பும் ஊழியரிடம் "உங்கள் இணைப்பு நிலையாக இல்லை" என்று ஒரு வரியில் எவரும் முடித்துவிட முடியாது.

அவசரத்தில் கடைக்காரரிடமோ தெரிந்த பையனிடமோ அலுவலகக் கடவுச்சொல்லைக் கொடுத்துக் கணினியை ஒப்படைக்காதீர்கள். அதற்குள் இருப்பது பிறருடைய சம்பள விபரமும் வங்கிக் கணக்கும். திருத்தக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் ஐ.டி. பிரிவுக்கு அறிவித்து, அவர்கள் சம்மதித்த பிறகு கொடுங்கள்.