பத்து வயதில் பரு

ஐந்தாம் வகுப்பு படிக்கும் பெண் திடீரென்று முன்முடியை இழுத்து நெற்றியில் விட்டுக்கொள்ள ஆரம்பித்தால், ஒருமுறை அந்த முடியை விலக்கிப் பாருங்கள். ரவையைத் தூவியது போல, தோலின் நிறத்திலேயே சின்னச் சின்ன மேடுகள் தெரியலாம். மூக்கின் மேலும் முகவாயிலும் கறுப்பாகச் சில புள்ளிகள் இருக்கலாம். பரு என்றால் சிவந்து சீழ் கட்டியிருக்கும் என்று எண்ணிப் பழகிய நமக்கு இது பருவாகவே தோன்றாது. ஆனால் சிறுபிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

“இன்னும் வயசுக்கே வரலையே, அதுக்குள்ள பருவா?” என்று அம்மாக்கள் பதறுவதைக் கேட்டிருக்கிறேன். பதற வேண்டியதில்லை. ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் லேசாகப் பரு தலைகாட்டுவது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு பகுதிதான். சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தது போல அட்ரீனல் என்று இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. பூப்பெய்துவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஆறு முதல் எட்டு வயதுவாக்கில், அவை ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்குகின்றன. அதுவரை சும்மா இருந்த முகத்தின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதனால் விழித்துக்கொள்கின்றன. நெற்றி, மூக்கு, முகவாய் ஆகிய இடங்களில் அவை நெருக்கமாக இருப்பதால் அங்கேதான் முதலில் முளைக்கிறது. பையன்களுக்கும் இதேதான்.

ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒரு மெல்லிய குழாயாக நினைத்துக்கொள்ளுங்கள். சுரக்கும் எண்ணெய் அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். குழாயின் உட்சுவரிலிருந்து உதிரும் இறந்த செல்கள் எண்ணெயோடு குழைந்து அடைத்துக்கொண்டால் மேடு உண்டாகிறது. மேலே தோல் மூடியிருந்தால் வெளிர்ந்த மேடாகவும், வாய் திறந்திருந்தால் கறுப்புப் புள்ளியாகவும் தெரியும். அந்தக் கறுப்பு அழுக்கில்லை. தோலின் நிறமியும், காற்றுப்பட்டு மாறிய எண்ணெயும் சேர்ந்த நிறம் அது. “சரியா மூஞ்சி கழுவறதில்ல, அதான்” என்று பிள்ளையைத் திட்டுவதற்கு இதில் எந்த நியாயமும் இல்லை. நம் எல்லார் தோலிலும் எப்போதும் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா அடைபட்ட குழாய்க்குள் பெருகி, உடம்பு அதை எதிர்க்கும்போதுதான் பரு சிவந்து வீங்கி வலிக்கிறது.

எல்லா மேடும் பருவாக இருக்காது. சித்திரை வெயிலில் கழுத்திலும் முதுகிலும் அரிப்போடு வருவது வேர்க்குரு. நெற்றியில் ஒரே அளவில் வந்து அரித்துக்கொண்டே இருந்தால் அது பூஞ்சையின் வேலையாகவும் இருக்கலாம். பருவுக்கான மருந்து அதற்குக் கேட்காது. நடுவில் சின்னப் பள்ளத்தோடு முத்துப் போல வந்து ஒன்றிலிருந்து இன்னொன்று பரவினால், அது வைரஸால் வரும் தோல் தொற்று.

வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வழிய வழியத் தேங்காயெண்ணெய் வைத்து, படிய வாரி, இரட்டைப் பின்னல் போட்டு அனுப்புவது நம் வழக்கம். பதினோரு மணி வெயிலில் அந்த எண்ணெய் வியர்வையோடு நெற்றியில் இறங்குகிறது. மயிர்க்கால்களை அடைக்கக்கூடிய எண்ணெய்களில் தேங்காயெண்ணெயும் ஒன்று. முடி தொடங்கும் கோட்டை ஒட்டி மட்டும் மேடுகள் அடர்ந்திருந்தால் சந்தேகம் எண்ணெய் மேல்தான் விழ வேண்டும். எண்ணெயை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேய்த்து அலசிவிடலாம். தினமும் வைத்தே ஆக வேண்டுமென்றால் முடியின் நுனிப்பக்கம் கொஞ்சமாகத் தடவலாம். நெற்றியில் விழும் முடியைத் தூக்கிக் குத்திவிட வேண்டும். பருவை மறைக்கப் பிள்ளை இறக்கிவிட்ட முன்முடியே எண்ணெயைக் கொண்டுவந்து அங்கே சேர்ப்பதுதான் இதில் வருத்தம். தலையணை உறையை வாரம் ஒருமுறையாவது மாற்றுங்கள். கிரிக்கெட் ஆடும் பையனுக்கு முகவாயில் மட்டும் வந்தால் ஹெல்மெட் பட்டையைத் துடைத்து வையுங்கள்.

முகம் கழுவ ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். விளையாடி வியர்த்து வந்தால் இன்னொரு முறை. மென்மையான, வாசனை அதிகமில்லாத ஃபேஸ்வாஷ் எதுவும் சரிதான். விரல் நுனியால் தடவிக் கழுவி, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். சொரசொரப்பான ஸ்க்ரப்பையும், பீர்க்கங்கூட்டையும் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். தேய்க்கத் தேய்க்க மயிர்க்கால் இன்னும் ரணமாகும்.

சமையலறை வைத்தியம் பற்றிப் பாட்டிகள் கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும். எலுமிச்சைச் சாற்றின் அமிலம் பத்து வயதுத் தோலைப் பொசுக்கும். அதோடு வெயிலில் போனால் கறுத்தே போகும். பற்பசையும் சமையல் சோடாவும் எரிச்சலைத்தான் தரும். கடலை மாவு, பயத்தம் மாவு போட்டுக் குளித்தால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. பரு அதனால் போய்விடும் என்றும் நம்ப வேண்டாம்.

மருந்து என்று எடுத்துக்கொண்டால் நன்றாக ஆராயப்பட்ட இரண்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். ஒன்று பென்சாயில் பெராக்சைடு. பாக்டீரியாவைக் கொல்லும், அதை எதிர்த்துத் தாக்குப்பிடிக்க பாக்டீரியா பழகிக்கொள்வதில்லை என்பது இதன் பெரிய பலம். சிறுபிள்ளைக்கு 2.5 சதவீத ஜெல்லில் தொடங்குவது நல்லது. துணியில் பட்டால் சாயத்தை வெளுத்துவிடும் என்பதால் பள்ளிச் சீருடையையும் நல்ல துண்டையும் தள்ளி வையுங்கள். இன்னொன்று அடாபலீன் 0.1 சதவீதம். இது குழாய் அடைபடுவதையே தடுக்கும். இரவில், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுக்க மெல்லியதாகப் பரப்ப வேண்டும். பரு பருவாகத் தொட்டு வைப்பதில் பயனில்லை. இதைத் தொடங்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் தோல் உரிவதும் எரிவதும் குறையும். காலையில் சன்ஸ்கிரீன் அவசியம்.

முதல் சில வாரங்களில் பரு கூடினது போலக்கூடத் தோன்றும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து நாளில் “இது சரிப்படல” என்று க்ரீமை மாற்றிக்கொண்டே போகும் வீடுகளில்தான் பிள்ளையின் முகம் பாழாகிறது. அந்த அவசரத்தில்தான் நான் மிகவும் அஞ்சும் ஒரு பொருள் வீட்டுக்குள் நுழைகிறது.

மெடிக்கலில் போய், “பருவுக்கு நல்லதா ஒரு க்ரீம் குடுங்க” என்று கேட்பது நமக்கு ரொம்ப எளிது. அப்படிக் கைக்கு வரும் டியூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது ஒன்று எழுதியிருந்தால், தயவுசெய்து அதைப் பிள்ளையின் முகத்தில் போடாதீர்கள். இவை ஸ்டீராய்டுகள். முதல் வாரம் அற்புதமாகத் தெரியும். சிவப்பு அடங்கும், முகம் பளிச்சென்று இருக்கும், எல்லாரும் என்ன க்ரீம் என்று கேட்பார்கள். சில வாரங்களில் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, கன்னத்தில் பூனைமுடி வளர்ந்து, பரு முன்பைவிட மூர்க்கமாக வெடிக்கும். நிறுத்தினால் முகம் தீயாக எரியும். எரிகிறதே என்று மறுபடி அதையே போடுவார்கள். இந்தச் சுழலில் சிக்கிய முகங்களை இந்தியத் தோல் மருத்துவர்கள் ஏராளமாகப் பார்த்துவிட்டார்கள். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிற கடைகள் இருக்கின்றன. சிவப்பழகு க்ரீம் என்ற பெயரில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பதும் நடக்கிறது. டியூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சர்க்கரை அதிகமுள்ள பானங்களும் மைதாப் பண்டங்களும், சிலருக்குப் பாலும், பருவைக் கூட்டலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எண்ணெய்ப் பலகாரம் தின்றால் அந்த எண்ணெயே முகத்தில் வழிகிறது என்பது தவறு. வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்காதீர்கள்.

க்ரீமைவிட அதிகம் யோசிக்க வேண்டியது வீட்டில் நாம் பேசும் பேச்சை. கல்யாண வீட்டில் ஒரு சித்தி பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பி, “என்னடி, மூஞ்சியெல்லாம் இப்படி ஆயிடுச்சு?” என்று நாலு பேர் நடுவில் கேட்பார். அன்பில்தான் கேட்கிறார். ஆனால் பிள்ளை அன்றிரவு கண்ணாடி முன்னால் நின்று நகத்தால் கிள்ளுவாள். கிள்ளிய இடத்தில் நம் மாநிறத் தோலில் கறுப்புத் தழும்பு விழும். பரு ஒரு வாரத்தில் போனாலும் அந்தக் கறை மாதக்கணக்கில் நிற்கும். அதனால் சித்தி கேட்கும்போது, “அதுக்கு மருந்து போட்டுக்கிட்டு இருக்கா சித்தி, சரியாயிடும்” என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிப் பேச்சை மாற்றிவிடுங்கள். நீங்களும் பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் முகத்தை ஆராயாதீர்கள். பையன்கள் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். அவர்களுக்கு வலிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. குளியலறையில் ஃபேஸ்வாஷை வைத்து, எப்படிப் போடுவது என்று ஒருமுறை காட்டிவிட்டு, அது பிள்ளையின் சொந்த வேலை என்று விட்டுவிடலாம்.

சில நேரங்களில் காத்திருக்கக் கூடாது. ஏழு வயதுக்கு முன்பே பரு வந்தாலும், பெண்ணுக்கு எட்டு, பையனுக்கு ஒன்பது வயது ஆவதற்குள் பருவோடு மார்பு வளர்ச்சி, உடல் முடி போன்ற மாற்றங்கள் தென்பட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஹார்மோனைச் சோதிக்க வேண்டியிருக்கலாம். ஆழமாக, தொட்டால் வலிக்கும் கட்டிகள் வந்தாலோ, குழி விழத் தொடங்கினாலோ, பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தாலோ தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. போகும்போது இதுவரை முகத்தில் போட்ட எல்லா டியூபையும், காலியாகியிருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.

மருந்து தொடங்கும் நாளில், பிள்ளை சம்மதித்தால், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். எட்டு வாரம் கழித்து அதே ஜன்னலுக்குப் பக்கத்தில், அதே நேரத்தில் இன்னொன்று. தினமும் கண்ணாடியில் பார்ப்பவளுக்கு எந்த மாற்றமும் தெரியாது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நெற்றியில் ரவை குறைந்திருப்பது அவள் கண்ணுக்கே படும்.