களத்தில் ஒலிக்கும் தாய்மொழி

2020 டிசம்பரில் இந்தியக் கிரிக்கெட் அணி ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்தது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராசன், வலைப்பயிற்சியில் பந்துவீசுவதற்காகவே அங்கு அழைத்துச் செல்லப்பட்டவர். ஆயினும் அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூவகை ஆட்டங்களிலும் அவர் அறிமுகமானார். இருபது ஓவர் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற ஹர்திக் பாண்டியா, அக்கோப்பையை நடராசன் கையில் கொடுத்து மகிழ்ந்தார். அதே பயணத்தில், சென்னையில் பிறந்த முன்னாள் வீரர் முரளி கார்த்திக் தொலைக்காட்சிக்காகத் தமிழில் வினவ, நடராசனும் தமிழிலேயே விடையளித்தார். ஆங்கிலமும் இந்தியுமே ஒலித்து வந்த ஒலிவாங்கியில் சேலத்துத் தமிழ் ஒலித்ததைத் தமிழர் பலர் வியப்புடன் கேட்டனர்.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சப்பானிய வீரரோ சீன வீராங்கனையோ மொழிபெயர்ப்பாளர் துணையுடன் பேசும்போது எவரும் வியப்பதில்லை. பெரிய டென்னிஸ் போட்டிகளின் செய்தியாளர் கூட்டத்தில் முதலில் ஆங்கில வினாக்களும், அவை முடிந்தபின் வீரரின் தாய்மொழி வினாக்களும் கேட்கப்படுவது வழக்கமான நடைமுறை. ஆனால் இந்திய வீரர் ஒருவர் ஆங்கிலத்தில் தடுமாறினால் மட்டும் அது அவருடைய குறையாகக் கருதப்படுகிறது.

ஹிமா தாஸுக்கு நேர்ந்தது இதற்குச் சான்று. அசாம் மாநிலத்து டிங் என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், 2018 ஜூலையில் பின்லாந்தின் தாம்பரே நகரில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகத் தடகளப் போட்டியில் 400 மீட்டர் தொலைவை 51.46 நொடியில் கடந்து தங்கம் வென்றார். உலக அளவிலான ஓட்டப் போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தங்கம் அது. அப்போட்டியின்போது இந்தியத் தடகளக் கூட்டமைப்பு வெளியிட்ட பாராட்டுச் செய்தியில், அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு சரளமாக வராது என்ற குறிப்பும் இடம்பெற்றிருந்தது. பாராட்டும் நோக்கில் எழுதப்பட்டதுதான். ஆயினும் ஓட்டக்காரரின் கால்களைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் அவருடைய நாவைப் பற்றிப் பேசியது ஏன் என்று மக்கள் வினவினர். கூட்டமைப்பு வருத்தம் தெரிவித்தது.

சேலம் மாவட்டத்தின் மற்றொரு வீரரான மாரியப்பன் தங்கவேலு, 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் பெற்றார். டோக்கியோவில் வெள்ளியும் பாரிசில் வெண்கலமும் வென்றார். அவருடைய நேர்காணல்கள் பலவும் தமிழில் அமைந்தவை. சிறு வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்ததையும், தாய் காய்கறி விற்றுக் குடும்பம் காத்ததையும் கடன் வாங்கிய மொழியில் கூற முயன்றிருந்தால் நான்கு சொற்களில் முடிந்திருக்கும்.

இவர்கள் இயல்பாகத் தம் மொழியில் பேசியவர்கள். ஆங்கிலம் நன்கறிந்தும் தம் மொழியைத் தேர்ந்துகொள்வோரும் உளர். நியூசிலாந்து ரக்பி வீரர் டி.ஜே. பெரனாரா, செய்தியாளர் முன் மாவோரி மொழியில் பேசியிருக்கிறார். அந்நாட்டு அணி ஆட்டத்திற்கு முன் ஆடும் ஹாக்காவை உலகமே அறியும். அம்மொழியைப் பள்ளியில் பேசிய சிறுவர்கள் ஒரு காலத்தில் அடி வாங்கினர் என்பதை அறிந்தோர் சிலரே. 1987இல்தான் மாவோரி அங்கு ஆட்சிமொழி ஆயிற்று. பெரனாராவின் விடையில் அந்த வரலாறும் கலந்திருந்தது. நம்மிடையே இரவிச்சந்திரன் அசுவின், பொறியியல் பட்டதாரி. ஆங்கிலத்தில் தெளிவாக உரையாடுபவர். எனினும் தம் யூடியூப் அலைவரிசையில் சுழற்பந்தின் நுட்பங்களைத் தமிழில் விளக்குகிறார். ‘யார்க்கர்’, ‘கேரம் பந்து’ போன்ற சொற்களை அப்படியே வைத்துக்கொள்கிறார். தூய்மை நாடுவோர்க்கு அது உறுத்தலாம். ஆனால் துறை வல்லுநர் பேசப் பேசத்தான் ஒரு மொழிக்கு அத்துறையின் நடை வாய்க்கும். அகராதி மட்டும் அதைத் தந்துவிடாது.

பிற மாநிலத்தில் வாழ்வோர்க்கு இச்செய்தி இன்னும் நெருக்கமானது. கொச்சியின் வைட்டிலாவில் வளரும் தமிழ்ச் சிறுவன் பேருந்து நிலையத்திலும் படகுத்துறையிலும் மலையாளம் பேசுகிறான்; வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும்; தமிழ், வீட்டு வாசலுக்குள் மட்டும். மட்டாஞ்சேரியில் கொங்கணியும் குசராத்தியும் பேசும் குடும்பங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இவ்வாறு வீட்டளவில் நிற்பதை மரபுமொழி என்பர். வெளியில் எவரும் அம்மொழியில் வினவாதபோது, விடை கூறும் பழக்கமும் மெல்லக் குறைகிறது.

எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலத்தில் பிறந்தவர் வளைகோல் பந்து வீரர் பி.ஆர். ஸ்ரீஜேஷ். டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் வெண்கலம் வென்ற அணியின் இலக்குக் காவலர். ஊர்ச் செய்தியாளர் மலையாளத்தில் கேட்டால் மலையாளத்திலும், வடநாட்டார் கேட்டால் இந்தியிலும், அயல்நாட்டார் கேட்டால் ஆங்கிலத்திலும் சிரித்தபடியே விடை கூறுவார். எந்த மொழியில் கேட்டாலும், தடுத்த பந்தைப் பற்றிய செய்தி ஒன்றேதான்.