நுரையீரலில் தங்கும் எண்ணெய்

எண்ணெயோ கொழுப்போ மூச்சுப் பாதை வழியே இறங்கி நுரையீரலில் தங்குவதால் வரும் நோய் லிப்பாய்டு நிமோனியா. மூக்குச் சொட்டு மருந்தாகவும் மலமிளக்கியாகவும் எண்ணெய் பெற்றவர்களிடம் இதைக் கண்டு 1925இல் விவரித்தவர், நோயியலாளர் ஜி. எஃப். லாஃப்லன்.

தண்ணீர் புரையேறினால் இருமல் உலுக்கிவிடும். லிக்விட் பாராஃபின் எனும் கனிம எண்ணெய் அப்படி உறுத்துவதில்லை, சத்தமில்லாமல் இறங்கிவிடும். அதைச் செரிக்கும் நொதி மனித உடலில் இல்லை. மேக்ரோஃபேஜ் எனும் காவல் செல்கள் அதை விழுங்கிச் சாகும். அவை கக்கிய எண்ணெயை அடுத்தவை விழுங்கும். நாளடைவில் அந்த இடம் தழும்பேறிக் கெட்டிப்படும். நெய் போன்ற விலங்குக் கொழுப்போ கொழுப்பு அமிலங்களாக உடைந்து கடுமையான அழற்சியை உண்டாக்கும்.

நோயறிதலில் பாதி வேலை விசாரணைதான். மலச்சிக்கலுக்கு இரவில் குடிக்கும் பாராஃபினையும், மூக்கு வறட்சிக்குத் தடவும் களிம்பையும் நோயாளி மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டீசலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சியவரும், மண்ணெண்ணெயைக் கொப்பளித்துத் தீ ஊதும் வித்தைக்காரரும் கேட்டால்தான் சொல்வார்கள். தமிழகத்தில் கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்றால், குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டார்களா, வாயில் எண்ணெய் புகட்டினார்களா என்று வீட்டுப் பெரியவர்களைக் கடிந்துகொள்ளாமல் கேட்க வேண்டும். கடிந்தால் பதில் வராது.

எக்ஸ்ரேயில் தெரிவது சாதாரண நிமோனியாவாகவோ புற்றுநோய்க் கட்டியாகவோ தோன்றலாம். பெட் ஸ்கேனிலும் அந்தக் கட்டி ஒளிர்ந்து ஏமாற்றும். சிடி ஸ்கேன் கூடுதலாகச் சொல்லும். தண்ணீரின் அடர்த்தியைப் பூஜ்யமாக வைக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில், கெட்டிப்பட்ட பகுதிக்குள் -30 முதல் -150 வரை காட்டினால் அது கொழுப்பு. பெரும்பாலும் கீழ் மடல்களின் பின்புறத்தில் இது தென்படும். அழற்சி மிகுந்தால் இந்த அளவு மேலேறிவிடும் என்பதால், கொழுப்பு தெரியவில்லை என்று நோயை விலக்கிவிட முடியாது.

அடுத்தது, மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி. நுரையீரலைக் கழுவி எடுத்த நீர் பால்போல் கலங்கியிருக்கலாம். சிலரிடம் மேலே எண்ணெய் மிதக்கும். ஆயில் ரெட் ஓ சாயமிட்டால் மேக்ரோஃபேஜ்களுக்குள் கொழுப்புத் துளிகள் சிவப்பாகத் தெரியும். இதயத் துடிப்புக் கோளாறுக்கான அமியோடரோன் மாத்திரை சாப்பிடுபவர்களிடமும் இத்தகைய செல்கள் உண்டு. ஆகவே இது மட்டும் போதாது. திசு எடுத்தால் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். வழக்கமான பதப்படுத்தலில் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும். வெற்றுக் குமிழிகளே மிஞ்சும். உறையவைத்து வெட்டிய திசுவில்தான் சாயம் பிடிக்கும்.

காசநோய் மலிந்த நாட்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. எண்ணெய் தங்கிய நுரையீரலில் மைக்கோபாக்டீரியம் ஃபார்ட்யூட்டம் போன்ற கிருமிகள் வளரக்கூடும். சளிப் பரிசோதனையில் இவையும் காசநோய்க் கிருமியைப் போலவே சாயம் ஏற்கும். கல்ச்சரோ மரபணுச் சோதனையோ செய்து எந்தக் கிருமி என்று உறுதிசெய்யாமல், சாயத்தை மட்டும் நம்பி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தால் நோயாளிக்குக் குணம் தெரியாது. வீட்டில் எண்ணெயும் நிற்காது.