மொட்டைமாடியில் கம்பி, மேசையில் லேப்டாப், நடுவே ஓர் ஒயர்... கோவையிலிருந்து உலகைப் பிடிக்கும் ஹாம் ரேடியோ!

2024 ஜூலை 30 அதிகாலை. வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளை நிலச்சரிவு புரட்டிப்போட்டது. நம் கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு அவை பக்கத்து ஊர்கள். மீட்புப் பணிக்கு செல்போனை மட்டும் நம்பியிருக்க முடியாத நிலையில், கல்பற்றா கலெக்டர் அலுவலகத்தில் ஒரு ஹாம் ரேடியோ நிலையம் இயங்கியது. ரிசீவர், ஆம்ப்ளிஃபயர் வரிசையில் அங்கே இருந்த இன்னொரு பொருள், கம்ப்யூட்டர்.

ரேடியோவில் பேச கம்ப்யூட்டர் எதற்கு?

'ஹலோ, கேக்குதுங்களா?' என்று நாலு முறை கத்திக் கேட்கும் தகவலை எழுத்தாக மாற்றி, அந்த எழுத்தை விசில் போன்ற ஒலியாக மாற்றி ரேடியோவில் அனுப்பினால், இரைச்சலைத் தாண்டிப் போய்ச் சேரும். அந்தப் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் விசிலைக் கேட்டு மீண்டும் எழுத்தாக்கிவிடும். அவ்வளவுதான் சங்கதி. இதற்குத் தேவை பெரிய மெஷின் அல்ல. வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பும், ரேடியோவோடு அதைச் சேர்க்கும் ஓர் ஒயரும் போதும்.

நோபல் பரிசு வாங்கியவரின் சாஃப்ட்வேர்

இன்று உலகம் முழுக்க ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று எஃப்.டி.8. இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜோ டெய்லர். 1974-ல் சக ஆய்வாளருடன் இரட்டை பல்சரைக் கண்டுபிடித்து, 1993-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அமெரிக்க வானியலாளர். சின்ன வயதிலிருந்தே ஹாம். விண்வெளியிலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னல்களைத் தேடிப் பழகிய மனிதர், அதே கலையை ஹாம்களுக்காக சாஃப்ட்வேராக எழுதி இலவசமாகக் கொடுத்துவிட்டார். எஃப்.டி.8 வெளியானது 2017-ல்.

இதில் ஒரு முறை அனுப்ப 15 விநாடி. ஒருவர் அனுப்ப, அடுத்த 15 விநாடியில் மற்றவர் பதில் சொல்ல வேண்டும். எனவே இரண்டு கம்ப்யூட்டரின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஓரிரு விநாடிக்கு மேல் தள்ளிப்போனால் ஒன்றும் புரியாது. சிக்னலின் சக்தி இரைச்சலில் நூறில் ஒரு பங்குதான் இருந்தாலும் படித்துவிடும் என்பதுதான் இதன் பெருமை.

நம்ம ஊருக்கு இது ரொம்பவே முக்கியம். மோட்டார் பம்ப் பட்டறைகள், சோமனூர், பல்லடம் விசைத்தறிகள், வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், மாடியில் சோலார், மலிவு எல்.இ.டி பல்பு, சார்ஜர் என எல்லாமே ரேடியோ அலைகளில் 'கர்ர்ர்' சேர்க்கக்கூடியவை. இதற்கு நடுவே குரலைப் பிரித்துக் கேட்பது பெரும்பாடு. ஒரு சாதாரண எல்.இ.டி பல்பு எரியும் அளவு சக்தியில், மொட்டைமாடியில் கட்டிய ஒரு கம்பியை வைத்து, நேரமும் வானிலையும் ஒத்துழைத்தால் எஃப்.டி.8-ல் ஐரோப்பாவையும் ஜப்பானையும் தொட முடியும்.

ஒவ்வொரு ஹாமும் தன் அழைப்புக் குறியோடு இருப்பிடக் கட்டத்தையும் அனுப்புவார். உலகையே கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கோவையில் இது வேடிக்கை. 11 டிகிரி அட்சரேகை நகருக்குள்ளேயே ஓடுவதால் காந்திபுரம் எம்.கே.81, போத்தனூர் எம்.கே.80! திருப்பூர், ஈரோடு, ஊட்டி எல்லாம் 81 கட்சி. பொள்ளாச்சி 80.

ஒயரில்தான் இருக்கிறது விஷயம்

ரேடியோவின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் மைக் துளைக்கு ஒன்று, கம்ப்யூட்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ரேடியோவின் மைக் துளைக்கு ஒன்று. கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? நேரடியாகச் செருகினால் அங்கேதான் வம்பு.

கம்ப்யூட்டரின் ஹெட்போன் துளையில் ஒரு வோல்ட் அளவுக்குக்கூட ஒலி வரும். ரேடியோவின் மைக் எதிர்பார்ப்பதோ, ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. காதில் ரகசியம் சொல்ல வேண்டிய இடத்தில் கல்யாண மண்டப ஸ்பீக்கரை வைத்த கதைதான். 10 கிலோ ஓம், 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் போட்டால் ஒலி நூறில் ஒரு பங்காகிவிடும்.

அடுத்த தொல்லை 'ஹம்ம்ம்'. இரண்டு கருவிகளின் எர்த்தும் ஒயர் வழியாகச் சேர்ந்து ஒரு வளையம் உருவாகும்போது கரண்டின் ரீங்காரம் உள்ளே வந்துவிடும். ஒலி போகும் வழியில் குட்டி ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்தால், ஒலி மட்டும் தாண்டும், நேரடி மின் இணைப்பு இருக்காது. ரேடியோவை 'இப்போ அனுப்பு' என்று தூண்டுவதற்கு ஒரு டிரான்சிஸ்டரோ ஆப்டோகப்ளரோ போதும். சாலிடரிங் தெரிந்த பாலிடெக்னிக் மாணவர் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடித்துவிடுவார். புதிய ரேடியோக்கள் சிலவற்றில் சவுண்ட் கார்டே உள்ளே இருக்கிறது. ஒரே யு.எஸ்.பி கேபிளில் வேலை முடிந்தது. விலைதான் கையைக் கடிக்கும்.

இணைத்த பிறகு எல்லோரும் ஒலியைக் கூட்டத்தான் பார்ப்பார்கள். செய்ய வேண்டியது நேரெதிர். ஒலி அதிகமானால் சிக்னல் பிசிறடித்து, பக்கத்து அலைவரிசைக்காரர்களையும் கெடுக்கும். ரேடியோவில் ஏ.எல்.சி என்ற அளவுமானி அசையத் தொடங்கினால், அது அடங்கும் வரை ஒலியைக் குறையுங்கள். எஃப்.டி.8 அனுப்பும்போது ஏறக்குறைய 13 விநாடி இடைவிடாமல் ஓடும் என்பதால் ரேடியோ சூடாகும். பாதி சக்தியே நல்லது.

இன்னொன்று, விண்டோஸின் 'டிங்' ஒலிகளை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் மெயில் வந்த செய்தி கண்டம் தாண்டிப் போகும். ரேடியோவில் இரைச்சல் அதிகமா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி அதுதான். ஐப்பசி இடிமழையில் ஆன்டெனா ஒயரைக் கழற்றி வைப்பதும், மின்கம்பிக்கு அருகே கம்பி கட்டாமல் இருப்பதும் கட்டாயம்.

'கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொண்டால் மனிதனுக்கு என்ன வேலை?' என்று கேட்கும் ஹாம்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எஃப்.டி.8-ல் அரட்டை கிடையாது, சொந்தமாக எழுதினால் ஒரு முறைக்கு 13 எழுத்துக்குறிகள்தான். பேரிடர் நேரத்தில் 'இத்தனை பேருக்கு மருந்து வேண்டும்' என்று விவரம் அனுப்ப அது உதவாது. ஆனால் அதே ஒயரில், வேறு சாஃப்ட்வேரைப் போட்டால் நீண்ட செய்தி, படம், மின்னஞ்சல்கூட அனுப்பலாம். பொழுதுபோக்குக்காக எஃப்.டி.8-க்கு ஒயரைத் தயார் செய்து வைத்திருப்பவரின் வீட்டில், செல்போன் டவர் விழுந்த நாளுக்கான கருவியும் பாதி தயார்.

லைசென்ஸ் இல்லாமல் கூடாது

ஒலிபரப்ப மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறி லைசென்ஸ் வாங்க வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும்தான் பாடம். உயர் நிலைத் தேர்வில் மோர்ஸ் குறியீடும் உண்டு. விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று லைசென்ஸ் தேவைப்படும் வாக்கி டாக்கியை வாங்கி, லைசென்ஸ் இல்லாமல் அழுத்திவிடாதீர்கள், அது குற்றம்.

லைசென்ஸ் வருவதற்குள் ருசி பார்க்க வேண்டுமா? நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் ரிசீவரை இன்டர்நெட் வழியே யாரும் கேட்கலாம். நம் ஊர் பிற்பகலில் போனில் அந்தத் தளத்தைத் திறந்து, 14,074 கிலோஹெர்ட்ஸ் வைத்து, யு.எஸ்.பி என்ற பட்டனைத் தட்டுங்கள் (இது பென் டிரைவ் யு.எஸ்.பி அல்ல, ரேடியோ முறையின் பெயர்). விசில் கூட்டம் ஒன்று பாடி, நின்று, மீண்டும் பாடும். டெய்லரின் இலவச சாஃப்ட்வேரை லேப்டாப்பில் ஏற்றி, நேரத்தைச் சரிசெய்து, போனை மைக் பக்கத்தில் வையுங்கள். ஒயரே வேண்டாம். 15 விநாடிக்கு ஒருமுறை திரையில் ஊர் ஊராக வரிசை கட்டும். அதில் எம்.கே.81 தெரிந்தால், அவர் நம்ம பக்கத்து ஆளுங்க!