பெட்ரோலில் மூச்சுத் திணறும் கார்கள்

பெங்களூர் ஜே.சி. ரோட்டின் உதிரி பாகக் கடைகளில் பியட்டுக்கும் பழைய மாருதி 800க்கும் கார்புரேட்டர் கிட் தேடி வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓவர்ஃப்ளோ. செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றும், பற்றிக்கொள்ளாது. பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் நெடி. பிளக்கைக் கழற்றினால் கரி படிந்து நனைந்திருக்கும்.

முதல் சந்தேகம் ஊரின் மேல் விழுகிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி சென்னையைவிட 8, 9 சதவீதம் குறைவு. எனவே சென்னையில் டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே கலக்கும். அதனால் மைலேஜ் குறையும், ஐட்லிங் தடுமாறும். அவ்வளவுதான். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் அதற்கு உயரம் காரணமல்ல. ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்பது வீண். குற்றவாளி மிதவை அறையில் இருக்கிறான்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவைக் குழாய் போன்ற ஏற்பாடு அது. பெட்ரோல் ஏற ஏற மிதவை உயர்ந்து, ஒரு ஊசி வால்வை அழுத்தி வழியை அடைக்கும். ஊசிக்கடியில் மணல் அளவு தூசு சிக்கினால் போதும், அடைப்பு நிற்காது. ஊசி முனையில் தேய்மான வளையம் விழுந்திருந்தாலும் அதே கதிதான். பித்தளை மிதவையில் மயிரிழை விரிசல் விட்டால் பெட்ரோல் உள்ளே புகுந்து அது கனத்துவிடும். காதருகே ஆட்டினால் சலசலக்கும். அடுப்பிலிருந்து இறக்கி, தள்ளி வைத்த வெந்நீரில் அமிழ்த்தினால் விரிசல் இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். எல்லாம் சரியாக இருந்தும் வழிந்தால் பம்பைப் பார்க்க வேண்டும். பின்னாளில் பொருத்திய மின்சார பம்ப் அதிக அழுத்தத்தில் ஊசியைத் தள்ளித் திறந்துவிடுவது உண்டு.

புதுத் தலைவலி எத்தனால். 2025ல் நாட்டில் பெட்ரோலுடன் கலக்கும் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது. அது பழைய ரப்பர் குழாய்களை உப்பவைக்கிறது. டேங்கில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடைக் கிளப்பி ஊசி வரை கொண்டுவந்து சேர்க்கிறது. ஃபில்டரை அடிக்கடி மாற்றுவது இப்போது சிக்கனமே.

2000ஐ ஒட்டி யூரோ-2 விதிகள் வந்தபோது புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. 2020ல் பி.எஸ்.6 வந்ததும் பைக்குகளும் கைவிட்டன. அதற்குப் பின் தொழிலுக்கு வந்த மெக்கானிக்குகளில் பலர் கார்புரேட்டரையே மாற்றிவிடச் சொல்கிறார்கள். ஊசி, மிதவை, வாஷர் என்று சில்லறைச் செலவில் முடிகிற காரியம் அது. முதலில் கிட்டை மாற்றிப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

நடுவழியில் நின்றால்? சோக்கை அதிகம் இழுத்ததால் வந்த வினை என்றால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடியே சில விநாடிகள் செல்ஃப் அடிக்கலாம்; மிதித்து மிதித்து விடக் கூடாது. ஆனால் வெளியே பெட்ரோல் சொட்டுகிறதென்றால் செல்ஃபைத் தொடவே கூடாது, ஒரு பொறி போதும். சாவியை எடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்து ஆற விட வேண்டும். உதவ வருகிறவர் வாயில் பீடி இருந்தால் அவரை முதலில் விரட்ட வேண்டும்.